தூக்கத்தில் சொன்ன பதில்

நான் தூக்கத்தில் பேசுகிறேன் என்று கல்யாணமான புதிதிலேயே என் மனைவி சொல்லிவிட்டாள். என்ன பேசினேன் என்று கேட்டால் சிரிப்பாள். "என்னத்தப் பேசறீங்க, கலரத்தான் சொல்றீங்க. கிரீனு, எல்லோ, டபுள் எல்லோன்னு. பொம்பள பேரு எதுவும் வரல, அது வரைக்கும் சந்தோசம்."

சரக்கு ரயில் ஓட்டுகிறவன் வாயில் அந்தச் சொற்கள் ஊறிப்போயிருக்கும். இன்ஜினில் இரண்டு பேர் இருப்போம், நானும் ஒரு உதவி டிரைவரும். சிக்னல் கண்ணில் பட்டதும் உதவி டிரைவர் கையை நீட்டி நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும். நான் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். ஒருவர் கவனம் தப்பினாலும் மற்றவர் கவனம் இருக்கட்டும் என்று வைத்த ஏற்பாடு. ஒரு நாளைக்கு நூறு தடவையாவது சொல்லுவோம். நான் இருபத்திரண்டு வருடம் சொன்னேன்.

அதில் கடைசிப் பத்து வருடம் பெரும்பாலும் கரி வண்டிதான். வடக்கே சுரங்கத்தில் ஏற்றிய நிலக்கரி, வழியெல்லாம் டிரைவர் மாறி மாறி, நாலைந்து நாளில் எங்கள் கைக்கு வந்து சேரும். ஐம்பத்தெட்டுப் பெட்டி, நாலாயிரம் டன்னுக்கு மேல் எடை. தருமபுரி மாவட்டத்தின் கிழக்கு ஓரமாக அதை இழுத்துக்கொண்டு ஏறி, மலையடிவாரத்தைத் தாண்டி, அணைக்குப் பக்கத்தில் இருக்கிற அனல் மின் நிலையத்தின் வாசல் வரை கொண்டுபோய் விடுவது எங்கள் பங்கு. காரில் போனால் மூன்று மணி நேரத்து வழி. கரி வண்டிக்குப் பத்து மணி நேரமும் ஆகும், பன்னிரண்டும் ஆகும். பின்னால் எந்த எக்ஸ்பிரஸ் வந்தாலும் அதற்கு வழிவிட்டு, ஏதாவது ஒரு ஸ்டேஷனில் லூப் லைன் என்று சொல்லும் பக்கத்துத் தண்டவாளத்தில் ஒதுங்கிவிட வேண்டும். கரிக்கு அவசரம் இல்லை என்று எல்லோருக்கும் எண்ணம். மின் நிலையத்தில் கரி தீரப்போகிறது என்று தெரிந்தால் மட்டும் ஒரேயடியாக அவசரம் வந்துவிடும்.

சித்திரை, வைகாசியில் அந்த அவசரம்தான். வெயில் ஏற ஏற ஊரெல்லாம் ஃபேன் ஓடும், ஏசி ஓடும். கரி கூடுதலாக வேண்டும். எங்களுக்கு ரெஸ்ட் குறையும். ஒரு வண்டியை விட்டு இறங்கி, குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால், அடுத்த வண்டிக்குப் போன் வந்துவிடும்.

ஓட்டும்போது அவ்வளவாகத் தூக்கம் வராது. லூப் லைனில் நிற்கும்போதுதான் வரும். அப்போது தூங்கக் கூடாது என்று அடக்கி வைப்போம். அடக்கி வைத்தது எங்கே போகும்? உடம்பிலேயே கிடந்து, வண்டி நகர்ந்து பத்து நிமிடத்தில் மேலே ஏறி வரும். டிரைவர் விழித்திருக்கிறாரா என்று பார்க்க இன்ஜினில் ஒரு கருவி உண்டு. ஒரு நிமிடத்துக்கு மேல் நாம் எதையும் தொடாமல் இருந்தால் விளக்கு எரியும். அப்போது பொத்தானை அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் வண்டி தானாக நின்றுவிடும். நல்ல கருவிதான். ஆனால் பழகிய கை தூக்கத்திலும் அந்தப் பொத்தானை அழுத்தும். எங்கள் எல்லோருக்கும் இது தெரியும். வெளியே சொல்ல மாட்டோம்.

நான் சொல்ல வந்தது நடந்த வருடம் என்னோடு உதவி டிரைவராக வந்தவள் ஒரு பெண். பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம். டிப்ளமா படித்து, பரீட்சை எழுதி வேலைக்கு வந்தவள். இரண்டு வயதுக் குழந்தையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வண்டி ஏறுவாள். அதிகம் பேச மாட்டாள். ஆனால் சிக்னலை அவள் சொல்லும் விதம் எனக்குப் பிடிக்கும். வாய்க்குள் முனகாமல், கையை முழுசாக நீட்டி, பள்ளிக்கூடத்தில் 'உள்ளேன்' சொல்வது போலச் சொல்வாள். எத்தனை மணி நேரம் ஆனாலும் அந்தக் குரல் இறங்காது. அவளுக்கு டிரைவராகப் பதவி உயர்வு வருகிற நேரம் அது.

என் சொந்த ஊர் கடத்தூருக்குப் பக்கம். வேலைக்காகப் பக்கத்து மாவட்டத்து ஜங்ஷனில் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். என் தங்கைக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து ஒரு பையன் பிறந்தான். அவனுக்குக் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். நான் ஒருத்தன்தான் தாய்மாமன்.

அன்று காலை ஏழு மணிக்குத்தான் ஒரு கரி வண்டியை விட்டு இறங்கியிருந்தேன். சட்டப்படி எனக்குப் பதினாறு மணி நேரம் ரெஸ்ட். அந்த ரெஸ்ட்டில் தூங்க வேண்டும், அதற்காகத்தான் அதைக் கொடுக்கிறார்கள். நான் குளித்துவிட்டு மனைவியோடு பஸ் ஏறினேன். இரண்டரை மணி நேரப் பயணம். குலதெய்வக் கோயிலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். பையனை மடியில் வைத்தார்கள். அவன் அழுத அழுகையில் எனக்குத் தூக்கம் தெளிந்துவிட்டது போல இருந்தது. அப்புறம் சாப்பாடு, சொந்தக்காரர்கள், பேச்சு. "டிரைவரு மாமன் வந்துட்டாரு" என்று ஆளாளுக்குக் கையைப் பிடித்தார்கள். திரும்பி குவார்ட்டர்ஸ் வந்து சேர இரவு எட்டு. படுத்து நாலு மணி நேரம் ஆனதும் போன் வந்தது. விடிகாலை மூன்று மணிக்குக் கரி வண்டி.

வேலைக்குக் கையெழுத்துப் போடும் இடத்தில் உதவி டிரைவர் என் முகத்தைப் பார்த்தாள்.

"கண்ணு ரெண்டும் செவந்திருக்குதுங்க சார். ஒடம்பு சரியில்லைன்னு எழுதிக் குடுத்துடலாமில்லைங்களா?"

"எழுதிக் குடுத்தா வண்டிய யார் ஓட்டுவா? வாம்மா, போயிரலாம்" என்றேன். தங்கை கட்டிக் கொடுத்த கச்சாயத்தில் நாலை எடுத்து அவளிடம் கொடுத்தேன். வெல்லப்பாகில் செய்தது, காதுகுத்து வீட்டுப் பலகாரம். அவள் இரண்டைத் தின்றுவிட்டு, இரண்டைக் குழந்தைக்கென்று காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டாள்.

விடிவதற்குள் ஒரு ஸ்டேஷனில் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிவிட்டார்கள். விடிந்த பிறகு இன்னொரு ஸ்டேஷனில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். வெயில் ஏறிவிட்டது. இன்ஜினுக்குள் அடுப்படி மாதிரி சூடு. எக்ஸ்பிரஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. பதினொரு மணிக்கு எங்களுக்குப் பச்சை விழுந்தது. கிளப்பினேன். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஏற்றம் தொடங்கும். அவ்வளவு கனத்தோடு வண்டி மெதுவாக முனகிக்கொண்டு ஏறும். இரண்டு பக்கமும் மாந்தோப்பு, மரவள்ளிக் காடு, அப்பால் மலை. அந்த முனகல் ஒரே சீராக இருக்கும். தாலாட்டு என்று வேண்டாம், மாவு அரைக்கிற மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல.

அதற்குப் பிறகு எனக்கு நினைவிருப்பது அவள் குரல்.

"சார்! சார்!"

அதோடு சேர்த்து, காற்று பீய்ச்சி அடிக்கிற சத்தம். அவள் தன் பக்கத்து எமர்ஜென்சி பிரேக்கை முழுசாகத் திறந்துவிட்டிருந்தாள். பின்னால் ஐம்பத்தெட்டுப் பெட்டியும் ஒன்றோடொன்று மோதி இடித்தன. நான் முன்னால் சாய்ந்து கண்ணாடியில் கையை ஊன்றினேன். என் வலது பக்கம் ஒரு சிவப்பு விளக்கு கடந்து போனது. கடந்து போவதை நான் கண்ணால் பார்த்தேன். எதிரே ரயில்வே கேட். கேட் திறந்து கிடந்தது. தண்டவாளத்தின் மேல் ஆடுகள்.

ஏற்றமாக இருந்ததால் வண்டி நின்றது. சமதரையாக இருந்திருந்தால் நின்றிருக்காது. கேட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஒரு அறுபது அடி இருந்திருக்கும்.

கேட்மேன் சிவப்புக் கொடியோடு ஓடி வந்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. ஆட்டுக்காரர் அசரவில்லை. வயதானவர், தலையில் துண்டு. அவர் பாட்டுக்கு ஆடுகளை ஓட்டி முடித்துவிட்டு, எங்களைப் பார்த்துக் கேட்டார்.

"என்னாப்பா, வண்டி இங்க நிக்குது? யாராச்சும் எறங்கணுமா?"

பதிலுக்கு நிற்காமல் அவர் போய்விட்டார்.

அவளால் தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியவில்லை. நான் வாங்கித் திறந்து கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன்.

"என்ன ஆச்சும்மா?"

"நீங்க தூங்கிட்டீங்க சார்."

"சிக்னல் சொன்னியா?"

"சொன்னேனுங்க. மொதல்ல எல்லோன்னேன். நீங்களும் எல்லோன்னீங்க. அப்புறம் ரெட்டுன்னேன். நீங்களும் ரெட்டுன்னீங்க. பிரேக் போடுவீங்கன்னு பார்த்தேன். கை அசையவே இல்லைங்க. அதுக்கப்புறந்தான் திரும்பி மூஞ்சியப் பார்த்தேன்."

எனக்கு எதுவும் நினைவில்லை. எல்லோ என்று சொன்னது, ரெட் என்று சொன்னது, ஒன்றுமே இல்லை.

சிவப்பைத் தாண்டிய வண்டியை யாரும் நகர்த்தக் கூடாது. வண்டிகளை நடத்தும் கண்ட்ரோல் ஆபீசுக்குச் சொன்னோம். அடுத்த ஸ்டேஷனிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். குடித்திருக்கிறோமா என்று ஊதச் சொன்னார்கள். வேறு ஆட்கள் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். எங்களை ஜீப்பில் உட்கார வைத்தார்கள். வழி முழுக்க அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். நான் என்ன எழுதலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த ஜீப்பில் எனக்கு ஆட்டுக்காரரின் நினைப்பு வரவில்லை. வேலை போய்விடுமே என்ற நினைப்புதான் இருந்தது. மகள் காலேஜில் இரண்டாம் வருடம். மகன் பத்தாவது.

அன்று மாலை என்னைவிட மூத்த டிரைவர் ஒருவர் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், எனக்கு வேலை கற்றுக் கொடுத்தவர்களில் ஒருவர்.

"தூங்குனன்னு எழுதுன, வேல போச்சு. அந்த இன்ஜின்ல கேமரா கெடையாது. அந்தப் பொண்ணு சிக்னல லேட்டாச் சொல்லுச்சு, நான் பிரேக்குக்குக் கை கொண்டு போறதுக்குள்ள அதுவே போட்டுடுச்சுன்னு எழுது. அவளுக்கு வயசு இருக்குது. புரமோசன் ரெண்டு வருசம் தள்ளிப் போவும், அவ்ளோதான். உனக்கு அப்பிடியா?"

நான் அப்படியே எழுதினேன். பேனா ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை.

விசாரணை நாளில் எங்கள் இரண்டு பேர் எழுதியதையும் டிரைவர்களுக்கு மேலதிகாரியான இன்ஸ்பெக்டர் எதிரெதிரே வைத்துப் படித்தார். அவள் ஒரு பக்கம் எழுதியிருந்தாள். நடந்தது நடந்தபடி. கடைசியில், 'மூத்தவர் பிரேக் போடுவார் என்று சில விநாடி காத்திருந்தேன், அது என் தவறு' என்று அவளாகவே எழுதியிருந்தாள். அதை யாரும் அவளிடம் கேட்கவில்லை. அந்த வரியைத்தான் இன்ஸ்பெக்டர் பிடித்துக்கொண்டார்.

"சிவப்பைப் பாத்துட்டு எதுக்கும்மா காத்துட்டு இருந்த?"

"சார் பதில் சொன்னாருங்க. அதனால முழிச்சிட்டுதான் இருக்காருன்னு நெனச்சேன்."

"அப்ப அவர் தூங்கலையே. தூங்கறவர் எப்பிடிப் பதில் சொல்வார்?"

"தூங்கிட்டுதாங்க சொன்னாரு."

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "தூங்கிட்டே, நீ சொன்ன கலரச் சரியாத் திருப்பிச் சொன்னாரு. இத எழுதி மேல அனுப்பச் சொல்றியா? யாரும்மா நம்புவாங்க?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்தாள் என்று சொல்ல முடியாது. சொல்லுங்க என்பது போலப் பார்த்தாள். நான் மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்க ரெஸ்ட்ட எங்க எடுத்தீங்க?" என்று இன்ஸ்பெக்டர் என்னிடம் கேட்டார்.

"குவார்ட்டர்ஸ்லதான் சார்" என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது கொஞ்சம் தைரியமாகவே இருந்தேன். தப்பித்துவிடலாம் என்று தோன்றியது. மனைவி அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். "தூங்கறவன் எப்பிடிப் பதில் சொல்வான்னு கேட்டுட்டாரு. அந்தப் பொண்ணால ஒண்ணும் பேச முடியல" என்றேன்.

அவள் கரண்டியை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பினாள்.

"நீங்க சொல்வீங்களே."

"என்னது?"

"தூக்கத்துல பதில் சொல்வீங்களே. நேத்துக்கூட நான் கேட்டதுக்குச் சொன்னீங்க. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சொல்றீங்க. அது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். அந்தப் புள்ளைக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சிருக்குது."

அவள் அடுப்பை அணைத்தாள்.

"அவ கத்துனதாலதான் நீங்க வூட்டுக்கு வந்தீங்க. அந்த ஆட்டுக்காரரும் அவரு வூட்டுக்குப் போனாரு. அவளப் போயி மாட்டி வுட்டுட்டு வந்து எங்கிட்டச் சோறு கேக்கறீங்க."

அவள் சோறு போடாமல் இல்லை. போட்டாள். அன்று அதற்குமேல் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை.

வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். நாள் முழுக்க வீட்டில் கிடந்தேன். எவ்வளவு வேண்டுமானாலும் தூங்கலாம், யாரும் போன் செய்ய மாட்டார்கள். ஆனால் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் நான் எதையாவது வாய்விட்டுச் சொல்லிவிடுவேனோ, மனைவி அதைக் கேட்டுக்கொண்டிருப்பாளோ என்று பயமாக இருந்தது. இருபத்திரண்டு வருடம் விழித்திருக்கப் பாடுபட்டவன், தூங்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

விசாரணை முடிந்த நாலாம் நாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பினேன். அதன் வாசல் வரை போய்விட்டு எதிரே டீக்கடையில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு டீ குடித்தேன். திரும்பி வீட்டுக்கு வந்தேன். மத்தியானம் மறுபடியும் போனேன்.

எனக்கு அன்று பெரிதாக மனசாட்சி விழித்துக்கொண்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய். ரொம்பக் களைத்துப் போயிருந்தேன். ஒரு பொய்யைச் சொன்னால் அதை நினைவில் வைத்திருக்க வேண்டும், அதற்கு முட்டுக் கொடுக்க இன்னொன்று சொல்ல வேண்டும். அதற்கான தெம்பு என்னிடம் இல்லை. இறக்கி வைத்துவிட்டால் போதும் என்று இருந்தது.

இன்ஸ்பெக்டர் தனியாக இருந்தார். "நான் எழுதினது தப்பு சார். தூங்கிட்டேன். அந்தப் பொண்ணு ரெண்டு தடவையும் சரியாத்தான் சொன்னாங்க. தூக்கத்துல பதில் சொல்ற பழக்கம் எனக்கு உண்டு. வேணும்னா என் சம்சாரத்தக் கேளுங்க" என்றேன். ரெஸ்ட் நேரத்தில் ஊருக்குப் போய் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன்.

இன்ஸ்பெக்டரும் ஒரு காலத்தில் வண்டி ஓட்டியவர்.

"இத எழுதிக் குடுத்தா என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

ஒரு வெள்ளைத்தாளை எடுத்துத் தள்ளினார். எழுதினேன். இந்தத் தடவை பேனா பல இடத்தில் நின்றது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் மெதுவாக நடந்தது. முதலில் வேலையை விட்டே நீக்கினார்கள். மேல்முறையீடு செய்தேன். பழைய டிரைவர்கள் எனக்காகப் பேசினார்கள். மாதங்கள் ஓடின. கடைசியில், இனி இன்ஜினில் கால் வைக்கக் கூடாது என்று சொல்லி, பதவியைக் குறைத்து ஒரு சின்ன ஸ்டேஷனில் போட்டார்கள். தருமபுரி மாவட்டத்திலேயே, என் ஊருக்குப் போய்வருகிற தூரத்தில். ஸ்டேஷன் மாஸ்டருக்கு உதவியாகக் காகித வேலை. எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று எழுதுவது.

ஊரில் பேச்சு வராமல் இருக்குமா. "டிரைவரு வேல போயிருச்சாமே" என்று நேரில் விசாரித்தவர்கள் உண்டு. தங்கை ஒரு நாள் வந்து அழுதாள். "எங்க வூட்டு விசேசத்துக்கு வந்துதான் அண்ணா உனக்கு இப்பிடி ஆயிப்போச்சு" என்றாள். "நீ கூப்புட்ட, நான் வந்தேன். லீவு கேட்டுருக்கணும், கேக்கல. உம்மேல என்ன தப்பு?" என்றேன். அவள் வீட்டுக் கூடத்தில் அந்தக் காதுகுத்துப் போட்டோ மாட்டியிருக்கிறது. பையன் வாயைத் திறந்து அழுகிறான். என் கண் பாதி மூடியிருக்கிறது. போட்டோ எடுத்தவர் சரியாகக் கவனிக்கவில்லை என்று எல்லோரும் நினைக்கிறார்கள்.

உதவி டிரைவரை எச்சரிக்கைக் கடிதம் ஒன்றோடு விட்டார்கள். காத்திருந்த அந்தச் சில விநாடிக்காக. அவள் பிறகு பரீட்சையில் தேறி டிரைவர் ஆகிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. போனில் நம்பர் இருந்தது. பல தடவை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவேன்.

போன வைகாசியில் ஒரு நாள் பகல் பன்னிரண்டரை இருக்கும். கரி வண்டி ஒன்றை எங்கள் ஸ்டேஷன் லூப் லைனில் ஒதுக்கினார்கள். நான் பதிவேட்டில் நேரத்தை எழுதிக்கொண்டிருந்தேன். இன்ஜினிலிருந்து இறங்கி, ஜல்லி மேல் நடந்து ஒரு பெண் வந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள், முகம் கறுத்திருந்தது. அவள்தான்.

என்னைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றாள். "நல்லா இருக்கீங்களா சார்" என்றாள். "இருக்கேம்மா" என்றேன். அதற்குமேல் பேச அவளுக்கு நேரமில்லை. நேராக ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய் ஒரு காகிதத்தைக் கொடுத்தாள். வேலை நேரம் முடிந்துவிட்டது, மாற்று ஆள் வேண்டும் என்று எழுதியிருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் கண்ட்ரோலுக்குப் போன் போட்டு அவளிடமே கொடுத்துவிட்டார். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது.

"இன்னும் ரெண்டு மணி நேரந்தாம்மா. பவர் ஹவுஸ்ல கரி இல்ல. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கக் கூடாதா?"

"தெரியுதுங்க சார். எனக்குப் பத்து மணி நேரம் தாண்டிடுச்சு. கண்ணு சொக்குது. இதுக்கு மேல வண்டிய எடுக்க மாட்டேன். ஆள் அனுப்புங்க, அது வரைக்கும் வண்டி இங்கியே நிக்கட்டும்."

"உன்னாலதான் கரி லேட்டுன்னு எழுதுவேன்."

"எழுதிக்கங்க சார்."

போனை வைத்துவிட்டாள். குரலை உயர்த்தவேயில்லை. என் இருபத்திரண்டு வருடத்தில் நான் ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை. சொல்லலாம் என்று எனக்குத் தெரியும். விதிப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனாலும் வாயில் வந்ததில்லை.

அவளுடைய உதவி டிரைவர் இன்ஜினிலேயே இருந்தார். நான் இரண்டு டீ வாங்கி வந்து ஒன்றை அவருக்குக் கொடுத்துவிட்டு, இன்னொன்றை அவளிடம் கொண்டுபோனேன். பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு மொதல்ல நான் அப்பிடி எழுதியிருக்கக் கூடாதும்மா" என்றேன். இத்தனை நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பெரிய பேச்சில் அவ்வளவுதான் வந்தது.

அவள் டீயை வாங்கிக்கொண்டாள்.

"அப்புறம் மாத்தி எழுதிட்டீங்களே சார்."

"நாலு நாள் ஆச்சே."

"ஆமாங்க. அந்த நாலு நாளு எங்கம்மா மூஞ்சியப் பாக்க முடியல. நான் பொய் சொல்றேன்னுகூட அவங்க நெனச்சாங்க. நெறைய நாள் உங்க மேல கோவமா இருந்துச்சு. இப்ப சுத்தமா இல்லைன்னு சொல்ல மாட்டேன்." ஒரு வாய் குடித்தாள். "ஆனா இன்னிக்குக் கோவப்படத் தெம்பு இல்லைங்க சார். படுத்துக்கட்டுமா? ஆள் வந்ததும் எழுப்புங்க."

பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு பெஞ்சிலேயே படுத்தாள். படுத்த அடுத்த நிமிடமே தூங்கிவிட்டாள். வேப்ப நிழல் நகர்ந்து அவள் காலில் வெயில் விழுந்தது. நான் உள்ளிருந்து ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்துக் கொண்டுவந்து பெஞ்சின் ஓரத்தில் மறைப்பாக வைத்தேன். இரண்டு எக்ஸ்பிரஸ்கள் அலறிக்கொண்டு போயின. அவள் புரளக்கூட இல்லை.

மூன்றே முக்கால் பாசஞ்சரில் மாற்று ஆட்கள் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். நான் போய் எழுப்பினேன். எழுந்து, குழாயில் முகம் கழுவி, வண்டியின் காகிதங்களை அவர்களிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். அவளும் உதவி டிரைவரும் எதிர்ப்பக்கத்துப் பாசஞ்சருக்குக் காத்திருந்தார்கள். ஏறும்போது, "அம்மாகிட்ட உங்களப் பார்த்தேன்னு சொல்றேன் சார்" என்றாள். அவள் அம்மா இனி என்னைப் பற்றி என்ன நினைப்பாரோ தெரியவில்லை. சொல்லட்டும் என்று நானும் தலையாட்டினேன்.

கரி வண்டி நாலேகாலுக்குக் கிளம்பியது. நேரத்தைப் பதிவேட்டில் எழுதினேன். தாமதத்துக்குக் காரணம் என்று ஸ்டேஷன் மாஸ்டர் நிரப்ப வேண்டிய ஒரு கட்டம் உண்டு. அவர் என்ன எழுதட்டும் என்பது போல என்னைப் பார்த்தார். "டிரைவருக்குத் தூக்கம் வந்ததுன்னு எழுதுங்க சார், உள்ளதுதானே" என்றேன். அவர் சிரித்துவிட்டு, வேலை நேரம் முடிந்தது என்று எழுதினார்.